மணப்பாட்டுக் கடலில் தண்டல் அண்ணாச்சியோடு ஒரு சாயங்காலம்

பாய் விரித்துக் கடலில் போகப் பழக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் சென்னை, கோவா என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். நம் திருநெல்வேலிச் சீமைக் கடற்கரையிலேயே பாயை நம்பிப் பிழைத்த மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். எல்லோரும் வயதானவர்கள். அதனால்தான் இதைத் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன்.

நான் போனது மணப்பாடு. மாசி மாதம். சொந்தக்காரர் ஒருவர் வழியாக அந்த அண்ணாச்சியின் பழக்கம் கிடைத்தது. எழுபது வயது தாண்டியவர். சிறுவனாகத் தூத்துக்குடித் தோணியில், அதாவது சரக்கேற்றும் பாய்க்கப்பலில், பண்டாரியாக ஏறிச் சோறு பொங்கிப் போட்டவர். கொழும்பு, மாலத்தீவு என்று போய் வந்து, பிறகு தண்டலாகத் தோணியையே பொறுப்பேற்று நடத்தியிருக்கிறார். இப்போது ஒரு மரவள்ளம் வைத்திருக்கிறார். மோட்டார் இருக்கிறது, பாயையும் விடவில்லை.

செருப்பைக் கரையிலேயே விடச் சொன்னார். வள்ளத்தில் செருப்புக்கால் வைப்பது அவர்களுக்கு ஆகாது. உயிர்காப்புச் சட்டையை அவரே இழுத்துப் பார்த்து, வார் இறுகிய பிறகுதான் சரி என்றார். பிறகு நேரே பாயை விரிப்பார் என்று பார்த்தால், மணலில் உட்காரவைத்துக் காற்றைக் காட்டினார். “கன்னத்துல எந்தப் பக்கம் படுதுன்னு பாருங்க. கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க.”

சாயங்காலத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பகலில் தரை சூடேறினால் கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று வீசும். இரவில் தரை குளிர்ந்து, விடியும் வரை கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். அந்தக் காலத்தில் விடியுமுன் கரைக்காற்றில் தொழிலுக்குப் போய், மதியத்துக்கு மேல் கடல்காற்றில் திரும்புவார்கள். “புதுசா படிக்கிறவங்க கடல்காத்துலதான் படிக்கணும் தம்பி. என்ன ஆனாலும் கரைக்குத்தான் தள்ளிக்கிட்டு வரும். விடியக்காலக் காத்துல விட்டா கொழும்புப் பக்கம் இழுத்துட்டுப் போயிரும்.” கடல்காற்று பொழுது சாயும்போது அடங்கிவிடும் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார்.

மோட்டாரில் கொஞ்ச தூரம் வெளியே போய், அப்புறம் பாயை ஏற்றினார்கள். முக்கோணப் பாய், பருமல் என்கிற சாய்வான குறுக்குக் கழியில் கட்டியது. ஏற்றியதும் ஒரு டப்பாவில் கடல் தண்ணீரை மொண்டு பாயின் மேல் வீசி வீசி அடித்தார். பருத்தித் துணி நனைந்தால் நூல் உப்பி இடைவெளி அடைபடும், காற்று ஒழுகாது. நனைந்த இடம் கண்ணெதிரே விறைத்துப் புடைத்தது. குலசை (குலசேகரப்பட்டினம்) பக்கம் வடக்கே திருப்பினார். காற்று வள்ளத்தின் விலாவில் பட்டது. போகும்போதும் அப்படித்தான், திரும்பும்போதும் அப்படித்தான். பழகுவதற்கு இதைவிட நல்ல காற்று இல்லை என்றார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தாமானைப் பற்றி. பாயின் பின்முனையிலிருந்து வரும் கயிறு அது. திசை மாற்றுகிற சுக்கான்தான் பெரிய விஷயம் என்று எல்லோரும் நினைப்போம். அண்ணாச்சியின் கண் முழுக்கத் தாமானிலேயே இருந்தது. மர ஆப்பில் ஒரே ஒரு சுற்று, மிச்சம் கையில். முடிச்சு கிடையாது. எங்களோடு வந்த பையன், “கட்டிவிட்டால் கை வலிக்காதே அண்ணாச்சி?” என்று கேட்டான். “கட்டாதிய. எந்தக் காலத்துலயும் கட்டாதிய. கட்டுன கயித்துலதான் வள்ளம் கவிழும்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிழக்கே தண்ணீரில் ஒரு திட்டு மட்டும் கறுத்து, சிலுசிலுவென்று சுருங்கியபடி எங்களை நோக்கி வந்தது. “வருது பாருங்க.” அது வந்து மோதியதும் வள்ளம் ஒரேயடியாகச் சாய்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை, சுக்கானையும் திருப்பவில்லை. ஆப்பில் கயிறு உராயும் சத்தம் கேட்டது. ஒரு முழம் நழுவ விட்டார். பாயின் ஓரம் படபடத்தது, வள்ளம் நிமிர்ந்தது. காற்று தளர்ந்ததும் விட்ட கயிற்றை அதே நிதானத்தோடு திரும்ப இழுத்துக்கொண்டார். அடுத்த கறுப்புத் திட்டு தெரிந்தபோது கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார். உள்ளங்கையில் அந்த இழுவை ஏறுவதை உணர்ந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது.

இன்னொன்றும் காட்டினார். கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஊருக்குள் தெரியும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வைத்துப் பார்க்கச் சொன்னார். பாய் நிறையக் காற்று, விலாவில் தண்ணீர் சலசலத்து ஓடுகிறது, ஆனால் பனையும் கோபுரமும் விலகவே காணோம். “நீவாடு எதுக்குது. நீங்க ஓடுறதா நெனைக்கிறிய, வள்ளம் நின்ன எடத்துலயே நிக்கி.” தண்ணீரை மட்டும் பார்த்திருந்தால் வேகமாகப் போகிறோம் என்றே நம்பியிருப்போம். கரையைப் பார்க்காமல் நீரோட்டம் தெரியாது.

திரும்பும்போது குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார். 1581இல் கட்டிய கோயில். புயலில் அடிபட்டுக் கரை சேர்ந்த போர்த்துக்கீசியக் கப்பல்காரர் ஒருவர், உடைந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து அங்கே நட்டார் என்பது ஊர்ப் பேச்சு.

போக நினைப்பவர்களுக்கு: தெரிந்தவர் மூலமாகவே போங்கள். அன்றைய டீசலுக்கும் அவர் நேரத்துக்கும் உரியதைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள். மோட்டார் இல்லாத வள்ளத்தில் ஏறாதீர்கள். ஆனி, ஆடியில் கூப்பிடாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் என்கிற மேல்காற்று பாய்ந்து வரும் காலம் அது. அப்போது காற்று கடலுக்குள் தள்ளும்.

ஆனால் அண்ணாச்சி ஆடியிலும் எங்களை வரச் சொல்லியிருக்கிறார், கரையில் உட்கார்ந்து கச்சானைப் பார்ப்பதற்கு. நான் போகிறேன். உவரி, கூத்தங்குழி பக்கம் இப்படிப் பாய் தெரிந்த பெரியவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர்களோடு போய் வந்ததையும் எழுதுங்கள்.