சந்திரப் புத்தாண்டில் தன்னையே திரும்பிப் பார்ப்பவர்கள் யாராவது?

கேள்வி:
ஜனவரி 1 சபதமெல்லாம் மூன்றே வாரத்தில் காற்றில் போய்விட்டது. 2026 பிப்ரவரி 17 சந்திரப் புத்தாண்டு, அதாவது சீனப் புத்தாண்டு; அவர்களின் ராசிக் கணக்கில் குதிரை ஆண்டு பிறக்கிறது. அதை இரண்டாவது வாய்ப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசனை. பட்டாசு, பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறை தாண்டி, தன்னைத் திரும்பிப் பார்க்க அதில் ஏதாவது இருக்கிறதா?

பதில் 1:
நிறையவே. புத்தாண்டுக்கு முன்பே வீட்டைப் பெருக்கித் துடைத்து, கடனை அடைத்துவிடப் பார்ப்பார்கள். முதல் நாள் துடைப்பத்தைத் தொடக்கூடாது, வந்த அதிர்ஷ்டமும் சேர்ந்து போய்விடுமாம்! அப்புறம், ஆண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது அடுப்படித் தெய்வம் மேலுலகம் போய், குடும்பம் வருஷம் முழுக்க நடந்துகொண்ட விதத்தைச் சொல்லும் என்று நம்பிக்கை. நல்லதாகச் சொல்லட்டும் என்று அதன் படத்தின் வாயில் தேன் தடவுவார்கள். லஞ்சம்தான், வேறென்ன.

பதில் 2:
நான் கடன் விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். பணக்கடன் இல்லை, சொல்லாமல் விட்ட நன்றி, கேட்காமல் விட்ட மன்னிப்பு. போன தடவை ஒரு தாளில் ஏழு பெயர் எழுதினேன், நாலு பேரிடம்தான் பேச முடிந்தது.

கேட்டவர்:
தாள் யோசனை நன்றாக இருக்கிறது. ஒரே நாளில் முடிக்கணுமா?

பதில் 2:
சேச்சே. விளக்குத் திருவிழா வரும் 15ஆம் நாள் வரை கொண்டாட்டம்தானே, மெதுவாகப் பேசுங்கள்.