மறு: அட்வகசிக்குத் தமிழில் என்ன? ‘துணைக்குரல்’ – ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அட்வகசி (advocacy), அதாவது பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பேசிச் சட்டமும் கொள்கையும் மாறப் பாடுபடுவது, இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வியைத் தொடங்கி வைத்தவன் நான் என்பதால், துண்டறிக்கை எழுதும்போது எந்த வரியில் மாட்டிக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வலிப்பு உள்ளிட்ட நரம்பு நோய்களுக்காக உலக சுகாதாரப் பேரவை 2022 மே மாதம் ஒரு செயல்திட்டத்தை ஏற்றது. 2031-க்குள் ஒவ்வொரு நாட்டிலும் இந்நோய்களுக்கென ஒரு விழிப்புணர்வு இயக்கமோ அட்வகசி திட்டமோ நடைமுறையில் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. ஒரே வரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. ‘பரப்புரை’ என்று போட்டால் அது முதலாவதோடு கலந்துவிடுகிறது.

> ‘பரிந்துரை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

மருத்துவத்துக்கு வெளியே என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ‘மருத்துவர் பரிந்துரை’ என்றதும் நம் கண்ணில் வருவது மருந்துச்சீட்டு. ‘நரம்பியல் மருத்துவர்களின் பரிந்துரையால் சட்டம் மாறியது’ என்று எழுதினால், யாரோ ஒரு குழு அறிக்கை கொடுத்தது போல இருக்கிறது.

> ‘நலவாதம்’ சுருக்கமாக இருக்கிறதே.

பக்கவாதம், முடக்குவாதம், இளம்பிள்ளைவாதம் என்று வரிசையாக வரும் துறை இது. அங்கே போய் ‘நலவாதம்’ என்றால் அதையும் ஒரு நோய் என்றுதான் படிப்பார்கள். வேண்டாம்.

‘வக்காலத்து’ எல்லோருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் “அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?” என்று கேட்கும்போது அதில் ஒரு குத்தல் இருக்கிறது. நோயாளிக்காகப் பேசுகிறவர் மேல் அந்தக் குத்தல் விழக்கூடாது.

சரி, இந்தச் சொல் எதைச் சுமக்க வேண்டும்? எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது நம் திருமணச் சட்டம்தான். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் ஒரு திருத்தம் வந்தது. திரும்பத் திரும்பப் பைத்தியமோ வலிப்போ வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று அதில் எழுதினார்கள். அந்தக் காரணத்தைக் காட்டித் திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம் என்ற நிலை. இத்தனைக்கும் முறையாக மருந்து எடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். மாத்திரை வலிப்பை நிறுத்திவிடும், ஆனால் சட்டத்தில் இருக்கும் ஒரு வார்த்தையை நிறுத்தாது. இந்திய வலிப்பு நோய்ச் சங்கமும், அதில் முன்னின்ற பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணி போன்றவர்களும் விடாமல் போராடினார்கள். 1999-இல் ‘வலிப்பு’ என்ற சொல் அந்தச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. மருத்துவம் பார்ப்பவர் சிகிச்சை அறையை விட்டு வெளியே வந்து, நோயாளிக்காகச் சட்டத்தோடு மல்லுக்கட்டிய வேலை இது. இதற்குத்தான் நமக்கு ஒரு பெயர் வேண்டும்.

அமெரிக்காவில் இதைப் பயிற்சியாகவே கொடுக்கிறார்கள். அமெரிக்க நரம்பியல் அகாதமி 2003 முதல் இதற்கென்றே மருத்துவர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாஷிங்டனுக்குப் போய் நாடாளுமன்ற உறுப்பினர்களை நேரில் பார்க்கிறார்கள். பக்கவாத நோயாளியைக் காணொலி வழியாக நரம்பியல் நிபுணர் பார்த்தால், நோயாளி கிராமப்புறத்தில் இருந்தால்தான் மெடிகேர் (முதியோர் முதலானோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) பணம் கொடுக்கும் என்றிருந்தது. 2018-இல் வந்த சட்டம் அந்த எல்லையை நீக்கியது. அதற்காகக் கேட்டவர்களில் இந்த அகாதமியும் உண்டு.

என் முன்மொழிவு: துணைக்குரல்.

அரசு மருத்துவமனை வார்டில் முதலில் கேட்கும் கேள்வி எது? “துணைக்கு யார் இருக்கீங்க?” என்பதுதான். படுத்திருப்பவருக்குப் பதிலாகத் துணைக்கு வந்தவர் நோயாளி ஆகிவிடுவதில்லை. அவர் பக்கத்தில் நிற்கிறார், கேட்க வேண்டியதைக் கேட்கிறார், ஓட வேண்டிய இடத்துக்கு ஓடுகிறார். ‘குரல் கொடுத்தல்’ நாளிதழ்களில் ஏற்கெனவே பழகியது. இரண்டும் சேர்ந்தால் விளக்கம் சொல்லாமலே புரியும் என்று நம்புகிறேன்.

> துணைவேந்தர், துணை ஆட்சியர் போல இரண்டாம் நிலையைக் காட்டாதா?

காட்டட்டும் ஐயா. முதல் குரல் நோயாளியுடையது. வலிப்போடு வாழ்கிறவர் பேசும் மேடையில் மருத்துவரின் குரல் இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும். இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அதனால்தான்.

அப்புறம், லாபியிங்கும் (தன் நலனுக்காக ஆட்சியாளர்களை அணுகிக் கேட்பது) இதுவும் ஒன்றல்ல என்று ஒரு தோழி எழுதியிருந்தார். முழுக்க உடன்படுகிறேன். அதே வாஷிங்டனில் மருத்துவர்களின் கட்டணம் குறையக்கூடாது என்றும் இந்த அகாதமி பேசுகிறது. அது தவறில்லை, ஆனால் தனக்காகக் கேட்பது துணைக்குரல் ஆகாது. அதற்கு வேறு சொல் தேடுவோம், தனி இழையில்.

போட்டுப் பார்த்த தொடர்கள் இவை: ‘வலிப்பு நோயாளர்களுக்காகத் துணைக்குரல் கொடுத்தார்’, ‘துணைக்குரல் பயிற்சி’, ‘துணைக்குரல் திட்டம்’. மூன்றும் வாயில் இடறவில்லை. செய்கிறவருக்கு ‘துணைக்குரலர்’ என்பதா ‘துணைக்குரலாளர்’ என்பதா என்பதில்தான் தயங்குகிறேன். முதலாவது சுருக்கம், இரண்டாவது காதுக்குப் பழகிய வடிவம். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். துண்டறிக்கை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்