ஏரி நடுவில் நிற்கும் எஞ்சின்: ஏர் எங்கே நுழைகிறது?

ஊட்டிப் பக்கம் ஒரு படகுத்துறையில் டீசல் மோட்டார் படகு ஒன்று ரொம்ப நாளாகப் படுத்திக்கொண்டிருந்தது. காலையில் செல்ஃப் அடித்தால் லேசில் பிடிக்காது. பிடித்தாலும் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் ஆர்பிஎம் ஏறி இறங்கும், ஏரி நடுவில் நின்றுவிடும். ஏர் ரிலீஸ் செய்தால், அதாவது டீசல் லைனில் சேர்ந்த காற்றை வெளியே விட்டால், மறுபடி ஓடும். இன்ஜெக்டருக்கு டீசல் அனுப்பும் பம்பைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஏர் ரிலீஸ் செய்ததும் ஓடுகிறது என்றால், அநேகமாக எங்கோ ஏர் எடுக்கிறது. ஆனால் டீசல் ஈரத்தைத் தேடினால் இடம் தெரியாது. டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருப்பது இழுவை லைன். எஞ்சின் ஓடும்போது அங்கே டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். பம்பைத் தாண்டினால் பிரஷர், அங்கே லீக் இருந்தால் சொட்டும். எஞ்சினை நிறுத்தி வைத்த இரவில் இழுவை லைனின் லீக்கில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது அதனால்தான்.

மலையில் இன்னொன்றும் உண்டு. பம்ப் இழுக்கிறது என்று சொன்னாலும், டீசலைத் தள்ளிவிடுவது வெளிக்காற்றின் அழுத்தம். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்து அழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் இங்கே கிடைக்கும். அதனால் இழுவை லைன் இங்கே சுத்தமாக இருந்தே ஆக வேண்டும்.

முதலில் ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, தனி ஹோஸில் நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்தோம். ஏரியைச் சுற்றி முழு லோடில் ஓட்டியும் எஞ்சின் அசரவில்லை. பம்பும் இன்ஜெக்டரும் தப்பித்தன. அப்புறம் பழைய லைனை மாட்டி, பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி டியூபைச் சேர்த்தோம். ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாகப் போயின. டியூபை இழுவை லைனில் இருக்கும் ஃபில்டருக்கு முன்னால் மாற்றினால் குமிழி இல்லை. ஆக ஃபில்டரிலேயே கோளாறு. வெளியேறும் பக்கத்து பான்ஜோ போல்ட்டின் (பைப்பை மாட்டும், நடுவே துளையுள்ள போல்ட்) காப்பர் வாஷரில், நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கீறல். புது வாஷர் போட்டதோடு சரியாகிவிட்டது. இத்தனை சின்னப் பொருளுக்காகப் பம்பைப் பிரிக்க இருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொடைக்கானலிலிருந்து ஒருவர்:
அண்ணா, எங்களிடம் இருப்பது சின்னப் பெட்ரோல் அவுட்போர்டு, படகின் பின்னால் மாட்டும் எஞ்சின். எஞ்சின் திணறும்போது பெட்ரோல் ஹோஸில் இருக்கும் ரப்பர் கை பல்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடும், விட்டால் நிற்கும். பல்ப் எத்தனை அமுக்கியும் கெட்டிப்படவில்லை. டேங்க் கனெக்டரின் ஓ ரிங் (ரப்பர் வளையம்) வெடித்திருந்தது. இன்னொரு தடவை பல்ப் சப்பிப்போய் ஒட்டிக்கொண்டது. அது ஏர் இல்லை, டேங்குக்குள் காற்று விடும், டேங்க் மூடியின் வென்ட் ஸ்க்ரூவை யாரோ மூடிவைத்திருந்தார்கள்.

குன்னூரிலிருந்து ஒருவர்:
கேன் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கேன் பம்பை விட உயரத்தில் இருந்தால் டீசல் தானாக இறங்கும், பம்பின் வாயிலேயே இருக்கும் லீக் மறைந்துவிடும். கேனை டேங்க் மட்டத்துக்கு இறக்கியும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். டேங்க் பாதிக்குக் கீழே போனால் மட்டும் எஞ்சின் நிற்கிறதென்றால், டேங்குக்குள் இறங்கும் பைப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.