ஆஸ்டின் உறைமழைக்குப் பிறகு உங்கள் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) என்ன செய்தது? அனுபவங்களைப் பகிருங்கள்

வடமேற்கு ஆஸ்டின், எச்.ஓ.ஏ. போர்டு உறுப்பினர்

குளிர்காலம் நெருங்கும்போது எங்கள் குடியிருப்பில் புதிதாக வீடு வாங்கிய யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள்: "புயலில் மரம் விழுந்தால் எச்.ஓ.ஏ. வந்து எடுக்குமா? அதற்குத்தானே பணம் கட்டுகிறோம்?" 2023-இல் இங்கே உறைமழை, அதாவது பட்ட இடத்திலேயே ஐஸாக உறையும் மழை, பெய்தபோது நான் போர்டில் (சங்கத்தின் நிர்வாகக் குழுவில்) இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். எங்கள் பகுதியில் நடந்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் அவரவர் பக்கம் நடந்ததை எழுதுங்கள். அடுத்த தடவை யாருக்காவது உதவும்.

2021 பிப்ரவரியையும் 2023 பிப்ரவரியையும் பலர் ஒன்றாகச் சேர்த்தே பேசுகிறார்கள். 2021 புயல் மிகக் கொடியது. டெக்சஸ் மாநிலத்தில் 45 லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் போனது, அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். ஆனால் வீடுகளின் சேதம் பெரும்பாலும் உள்ளே நடந்தது. குழாய் வெடித்தது, மேல்தளத்துப் பலகை ஊறி விழுந்தது, அவரவர் இன்சூரன்ஸோடு அவரவர் மல்லுக்கட்டினார்கள். சங்கத்துக்கு நீச்சல் குளத்து பம்பும் கிளப் ஹவுஸ் குழாயும்தான் வேலை. 2023 அப்படியில்லை. ஜனவரி 31-இல் தொடங்கி பிப்ரவரி 2 வரை உறைமழை பெய்தது. நகரத்தில் ஒரே நேரத்தில் 1,70,000-க்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் இல்லை. அதற்குக் காரணம் மரங்கள்.

இங்குள்ள லைவ் ஓக் குளிர்காலத்தில் இலை உதிர்க்காது. பழைய இலை வசந்தத்தில்தான் விழும். நாம் சீடர் என்று சொல்லும் ஜூனிபரும் பசுமை மாறாதது. ஒவ்வொரு இலையிலும் ஐஸ் கட்டி, கிளை கிளையாக எடை ஏறி, தாங்க முடியாமல் முறிந்தன. எங்கள் தெருக்களில் நடைபாதையே தெரியவில்லை. ஒரு வீட்டுக் கிளை அடுத்த வீட்டு வேலியில், அதன் மிச்சம் பூங்காவுக்குள், பூங்கா மரத்தின் கிளை தெருவில். எது யாருடையது என்று சொல்லவே முடியாத நிலை.

அதனால் எங்கள் போர்டு முதலில் செய்தது வெட்டும் வேலை அல்ல. பாதிப் பேருக்கு மின்சாரம் இல்லாவிட்டாலும் போன் இருந்தது. ஒரே ஒரு செய்தியை எல்லோருக்கும் அனுப்பினோம், தாளில் அச்சடித்து அஞ்சல் பெட்டிக் கூடங்களிலும் ஒட்டினோம். உங்கள் மனைக்குள் விழுந்தது உங்கள் பொறுப்பு. பூங்கா, நடைவழி, குளக்கரை, நுழைவாயில் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. தெருவை அடைத்துக் கிடந்தால் நகரத்தின் உதவி எண் 311-க்கு அழையுங்கள். கம்பி தொங்கினால் கிட்டே போகாதீர்கள், அதன் மேல் கிடக்கும் கிளையைத் தொடவும் வேண்டாம். கிளைகளைக் கர்ப் (தெருவின் விளிம்புக் கல்) ஓரமாகக் குவியுங்கள், தண்ணீர் மீட்டர் மேலும் அஞ்சல் பெட்டியை ஒட்டியும் வேண்டாம், ஏனென்றால் நகரம் அனுப்பும் லாரி இரும்புக் கையால் அள்ளும். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். காத்திருக்க முடியாதவர்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹார்ன்ஸ்பி பெண்ட் என்ற நகரத்து உரக்கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொட்டலாம். இவ்வளவுதான் செய்தி. எனக்கு வந்த நன்றிகளில் பெரும்பங்கு இதற்குத்தான் வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று அன்று புரிந்தது.

அடுத்தது மீறல் கடிதங்கள், அதாவது சங்க விதியை மீறினீர்கள் என்று வரும் கடிதங்கள். இதைப் பற்றி எனக்கு இன்றும் கோபம் உண்டு. எங்கள் மேனேஜ்மென்ட் கம்பெனியின் ஆள் வழக்கம்போல் காரில் சுற்றிப் படம் எடுத்து, "கர்ப்பில் தோட்டக் கழிவு" என்று வீடுகளுக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கிவிட்டார். நகரமே அங்கே குவிக்கச் சொல்லியிருக்கிறது! அதில் ஒன்று தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவுக்குப் போனது. அவர் பயந்துபோய் யாரோ ஒருவருக்குப் பெரும் பணம் கொடுத்துக் குவியலை அள்ளச் செய்ய இருந்தார். அன்று மாலையே போர்டு அவசரமாகக் கூடி, கிளை, வேலி, கூரைத் தார்ப்பாய் இவை சம்பந்தமான எல்லா மீறல் நடவடிக்கையையும் நிறுத்தி வைத்து, அனுப்பிய கடிதங்களைத் திரும்பப் பெற்றோம். உங்கள் பகுதியில் இப்படி வந்தால் பயப்பட வேண்டாம். டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆம் அத்தியாயப்படி, இந்த மாதிரி சரிசெய்யக்கூடிய விஷயத்துக்கு அபராதம் போடும் முன் எழுத்தில் தெரிவித்து, நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நீங்கள் விசாரணை கேட்கலாம்.

ஓக் வில்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இது மரத்தின் நீர்க்குழல்களை அடைக்கும் பூஞ்சை நோய். பூஞ்சை வளர்ந்த ரெட் ஓக்கில் உட்கார்ந்த சாறுண்ணும் வண்டு, புதிதாக வெட்டுப்பட்ட இன்னொரு மரத்துக்குப் போனால் நோயும் கூடவே போகும். அதனால்தான் பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக் மரத்தை வெட்டாதீர்கள் என்று மாநில வனத்துறை சொல்கிறது. உறைமழை வந்ததோ சரியாக பிப்ரவரி தொடக்கத்தில்! வெட்டாமலும் இருக்க முடியாது, வெட்டினால் நோய் வரும் காலம். ஒரே வழி, வெட்டிய உடனே காயத்தின் மேல் பெயின்ட் அடிப்பது. எந்த பெயின்ட் ஆனாலும் சரி. நாங்கள் சங்கப் பணத்தில் ஸ்ப்ரே பெயின்ட் டப்பாக்கள் வாங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். சிலர் "மரத்துக்குக் கறுப்பு பெயின்டா, பார்க்க அசிங்கமாக இருக்குமே" என்றார்கள். லைவ் ஓக் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஒரு வீட்டு மரத்துக்கு வந்தால் அந்த வரிசையே காய்ந்துபோகலாம். இதைப் பொறுமையாக விளக்கியதும் அவர்களே வாங்கிப்போய் அடித்தார்கள்.

கான்ட்ராக்டர் விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். செயின்சாவோடு வந்து கதவைத் தட்டுபவர்களிடம் இன்சூரன்ஸ் சான்று கேளுங்கள், முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். 19 அங்குலமோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தை அடியோடு எடுக்க ஆஸ்டின் நகரத்தின் அனுமதியும் வேண்டும். விழும் அபாயத்தில் இருந்தால் முதலில் படம் எடுத்து வையுங்கள்.

நகரத்து லாரிகள் எல்லாவற்றையும் அள்ளி முடிக்க மாதங்கள் ஆயின. அதுவரை தினமும் யாராவது "இன்னும் வரவில்லையே" என்று கேட்பார்கள். வாராவாரம் ஒரு செய்தி போட்டோம், புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாத வாரத்திலும்.

சரி, உங்கள் பக்கம் எப்படி?

ரவுண்ட் ராக் பக்கம், எம்.யூ.டி. பகுதிவாசி

அண்ணா, உங்களுக்கு நகரத்து லாரி மெதுவாகவாவது வந்தது. எங்கள் பகுதி எந்த நகர எல்லைக்குள்ளும் வராது. தண்ணீரும் சாக்கடையும் எம்.யூ.டி. என்ற உள்ளூர் பொதுச் சேவை அமைப்பின் பொறுப்பு, குப்பை தனியார் கம்பெனி. அந்த கம்பெனி, கட்டி வைத்த சின்னக் கிளைகளைத்தான் எடுக்கும். முதல் வாரம் எச்.ஓ.ஏ. எம்.யூ.டி.யைக் கை காட்டியது, எம்.யூ.டி. கவுண்டியை (மாவட்ட நிர்வாகம் மாதிரி) கை காட்டியது. பக்கத்துத் தெருவில் இருந்த சில அம்மாக்கள் சேர்ந்து இரண்டு போர்டையும் ஒரே கூட்டத்துக்கு வர வைத்தோம். ஒரு மணி நேரத்தில் முடிவானது: எம்.யூ.டி. தன் பூங்கா வாகன நிறுத்தத்தை இடமாகக் கொடுத்தது, எச்.ஓ.ஏ. மரம் அரைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தது, பிக்கப் டிரக் வைத்திருந்தவர்கள் தெருத் தெருவாகப் போய் அள்ளி வந்தார்கள்.

அரைத்த மரத்தூளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்றதும் ஒரு குவியல் கூட மிஞ்சவில்லை. என் கத்தரிச் செடிகளுக்கும் மல்லிகைத் தொட்டிகளுக்கும் அந்தத் தூள்தான். நோய் பரவுமா என்று நானும் கேட்டேன். மெல்லிய தூளாக அரைத்துக் காய்ந்துவிட்டால் பூஞ்சை பிழைக்காது, நோயுள்ள ரெட் ஓக்கை விறகாக அடுக்கி வைப்பதுதான் ஆபத்து என்று மர நிபுணர் சொன்னார்.

வீடு வாங்கும்போது பள்ளிக்கூட மதிப்பெண் பார்க்கிறோம், வரி பார்க்கிறோம். வீடு நகர எல்லைக்குள் இருக்கிறதா என்றும் தயவுசெய்து பாருங்கள். முகவரியில் ஊர்ப்பெயர் இருப்பதால் அந்த ஊர் நகராட்சி நமக்கு வேலை செய்யும் என்று அர்த்தமில்லை.

கேட் உள்ள குடியிருப்பு, மேற்கு ஆஸ்டின்

எங்களுக்கு இதுவும் இல்லை. கேட்டுக்குள் இருக்கும் சாலை சங்கத்தின் சொந்தச் சாலை. பொதுச் சாலையில் அள்ளும் லாரி உள்ளே வராது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாச் செலவும் சங்கத்தின் இருப்பு நிதியிலிருந்து போனது. சாலை போட வைத்திருந்த பணம் அது. அதை நிரப்ப அடுத்த ஆண்டு கட்டணம் ஏறியது. சிறப்புக் கட்டணம் தனியாக வாங்கலாமா என்று பேச்சு வந்தது, எங்கள் சாசனப்படி அதற்கு உறுப்பினர் வாக்கு வேண்டும், தேறவில்லை. கேட் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் இருப்பு நிதி எவ்வளவு என்று கேளுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவே.

சீடர் பார்க் வாசி

அந்தச் சமயம் அப்பா எங்களோடு இருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு போனது, அவர் கண் முன்னால். இங்கே ஐஸ் உருகிய காலையில் எங்கள் தெருவில் இளைஞர்கள் ஆளுக்கொரு ரம்பத்தோடு இறங்கியபோது அப்பா ஸ்வெட்டருக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். தமிழ் தவிர வேறு பேச மாட்டார். மேலே கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டார்.

பார்த்தால், முறிந்தும் விழாமல் உச்சியில் சிக்கி நிற்கும் கிளைகள். கீழே நின்று மற்றதை இழுத்தால் அது தலையில் வரும். "விழுந்த மரம் ஒன்றும் செய்யாதுப்பா, விழாததுதான் ஆளைக் கொல்லும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். எங்கள் எச்.ஓ.ஏ. தலைவர், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், அப்பாவோடு தெரு முழுக்க நடந்தார். அப்பா காட்டிய மரத்துக்கெல்லாம் ஆரஞ்சு நாடா கட்டினார். நாடா கட்டிய மரத்தடியில் யாரும் போகக் கூடாது, தொழில்முறை ஆள் வரும்வரை வீட்டுக்காரரும் தொடக் கூடாது என்று சங்கமே அறிவித்தது. நாடா கட்டாத வீடுகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிலிருந்து எல்லோரும் வேலை செய்தார்கள். தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகள் முதலில், மற்ற வீடுகள் அப்புறம் என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கும் அடிபடவில்லை. அந்தப் பட்டியல் முறையை எங்கள் சங்கம் இப்போது எழுதியே வைத்திருக்கிறது.

லியாண்டர் வாசி, புதிதாக வீடு வாங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் சார். பக்கத்து வீட்டு மரம் என் கூரை மேல் விழுந்தால் யார் இன்சூரன்ஸ்? வீட்டுச் சுவரில் மின்கம்பி வந்து சேரும் குழாய் பிய்ந்து வந்தால் மின் நிறுவனம் சரிசெய்யுமா?

வடமேற்கு ஆஸ்டின், எச்.ஓ.ஏ. போர்டு உறுப்பினர்

முதல் கேள்விக்கு: பொதுவாக உங்கள் இன்சூரன்ஸ்தான். மரம் ஏற்கெனவே பட்டுப்போயிருந்தது, எச்சரித்தும் அவர் கவனிக்கவில்லை என்றால் கதை வேறு. அதனால் பட்ட மரம் தெரிந்தால் இப்போதே படத்தோடு ஈமெயில் அனுப்பி வையுங்கள். சண்டையாக வேண்டாம், நட்பாகவே எழுதலாம். பொது இடத்து மரம் என்றால் அதே ஈமெயிலைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எங்களுக்கு அப்படி வந்த கடிதங்களை வைத்துத்தான் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எந்த மரத்தைக் கவாத்து செய்வது என்று முடிவெடுக்கிறோம்.

இரண்டாவது: ஆஸ்டினில் அந்தக் குழாயும் அதன் மேல் தொப்பியும் வீட்டுக்காரருடையவை. வெளியிலிருந்து வரும் கம்பிதான் நிறுவனத்துடையது. முதலில் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வந்து குழாயைச் சரிசெய்ய வேண்டும், அப்புறம்தான் இணைப்பு கொடுப்பார்கள். 2023-இல் தெரு முழுக்க விளக்கு எரிந்த பிறகும் சில வீடுகள் இருட்டில் கிடந்தது இதனால்தான். லியாண்டரில் உங்களுக்கு வேறு மின் நிறுவனமாக இருக்கும், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு எலெக்ட்ரீஷியன் எண்ணையும் ஒரு மர நிபுணர் எண்ணையும் புயல் இல்லாத நாளிலேயே போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 2023-இல் யாரை அழைத்தாலும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்கு மட்டும் சீக்கிரம் வந்தார்கள்.