வம்சாவளியைக் கொண்டாடலாம், நீதிபதி இருக்கையிலுமா?

தேன்மொழி:
டொமினிக்கன் குடியரசு 1844 பிப்ரவரி 27 அன்று ஹைட்டியிடமிருந்து விடுதலை பெற்றது. அந்த நாளை நியூயார்க்கில் கொண்டாடும்போது டொமினிக்கன் வம்சாவளி நீதிபதிகளையும் சிறப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. சர்வாதிகாரி ட்ருஹீயோ 1961இல் கொல்லப்பட்டு, 1965இல் அமெரிக்கப் படைகள் அங்கே இறங்கிய குழப்பமான ஆண்டுகளில் பெருகிய புலப்பெயர்வுதான் மன்ஹாட்டனின் வடபகுதியான வாஷிங்டன் ஹைட்ஸின் முகத்தை மாற்றியது. டொமினிக்கன் குடியரசில் பிறந்து, ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பில் பணியாற்றிய ரோலண்டோ அகோஸ்டா, 2017இல் மன்ஹாட்டனுக்கும் பிராங்க்ஸுக்கும் உரிய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். (கொலம்பியா பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் அவர் பெயர்பெற்ற பந்துவீச்சாளர், டொமினிக்கர்களிடம் இதுவும் சிறிய தகுதியல்ல.)

பார்த்திபன்:
அகோஸ்டாவைப் பாராட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிறப்பை நீதியோடு முடிச்சுப் போடுவதை ஏற்க இயலவில்லை. 2013 செப்டம்பரில் டொமினிக்கன் அரசியலமைப்புத் தீர்ப்பாயம், முறையான குடியேற்ற ஆவணமில்லாத பெற்றோருக்கு அந்த மண்ணில் பிறந்தவர்களின் குடியுரிமையை 1929 வரை பின்னோக்கிச் சென்று மறுத்தது. பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹைட்டிய வம்சாவளியினர். தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள் நாடற்றவர்களானார்கள். அத்தீர்ப்பை வழங்கியவர்களும் டொமினிக்கர்கள்தாமே?

தேன்மொழி:
ஒரு நாட்டின் பெரும்பான்மை தன் சிறுபான்மையைக் கைவிட்ட நிகழ்வு அது. அமெரிக்க நீதிமன்றத்தில் டொமினிக்கர் நிற்பது அந்தப் பெரும்பான்மையின் இடத்தில் அல்ல, ஹைட்டியரின் இடத்தில். டெக்சாஸின் ஜாக்சன் கவுண்டியில் 25 ஆண்டுகளாக மெக்சிகோ வம்சாவளியினர் ஒருவர்கூட ஜூரியில் அமர்த்தப்படவில்லை என்பதை 1954இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஆனால் 1991இல் அதே நீதிமன்றத்துக்கு ஒரு புரூக்ளின் வழக்கு வந்தது. ஸ்பானிய மொழி அறிந்தவர்கள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் சொல்லையே இறுதியாகக் கொள்வார்களா என்ற ஐயத்தைக் காட்டி லத்தீனோக்களை (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை) ஜூரியிலிருந்து அரசு வழக்குரைஞர் நீக்கியிருந்தார். பெரும்பான்மை நீதிபதிகள் அதை அனுமதித்தனர். அந்த ஒன்பது பேரில் லத்தீனோ ஒருவருமில்லை. அங்கே முதல் லத்தீனோ நீதிபதியாகச் சோனியா சோட்டோமேயர் வந்ததே 2009இல்தான்.

பார்த்திபன்:
அவர் அங்கே இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்பது உங்கள் ஊகம். லத்தீனோ என்ற அடையாளமே போதுமென்றால், ஹோண்டுராஸில் பிறந்த மிகேல் எஸ்ட்ராடாவை ஏன் யாரும் கொண்டாடவில்லை? குடியரசுக் கட்சி அதிபர் புஷ் 2001இல் அவரை வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். ஜனநாயகக் கட்சியின் செனட்டர்கள் வாக்கெடுப்பு நடக்கவே விடாமல் தடுத்ததால் 2003இல் அவர் விலகிக்கொண்டார். கட்சிக்கு ஏற்றவரானால் முன்னோடி, இல்லையென்றால் தடைசெய்ய வேண்டியவர் என்ற நிலையில் பிரதிநிதித்துவம் என்ற சொல்லுக்கு மதிப்பு எங்கே இருக்கிறது?

கருணாகரன்:
இருவரும் இருக்கையில் அமர்ந்தவரையே பார்க்கிறீர்கள். அதற்குச் செல்லும் வாசலைக் காவல் காப்பவர்களைப் பார்க்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் விசாரணை நீதிமன்றத்துக்கு (அதற்கு அங்கே ‘சுப்ரீம் கோர்ட்’ என்றே பெயர்) வேட்பாளர்களைக் கட்சி மாநாடுகள் நிறுத்துகின்றன. 1992இல் புரூக்ளினில் சிவில் நீதிமன்ற நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மார்கரிட்டா லோப்பஸ் டோரஸ், கட்சித் தலைவர்கள் பரிந்துரைத்த ஆட்களுக்குத் தம் அலுவலகத்தில் வேலை கொடுக்க மறுத்தார். அதனால் மாநாட்டில் தமக்கு வாய்ப்பு அடைக்கப்பட்டது என்று வழக்குத் தொடுத்தார். 2008இல் உச்ச நீதிமன்றம் அந்த மாநாட்டு முறை அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. விழா மேடைகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை, ஏனெனில் மேடை போடுபவர்களும் பெரும்பாலும் கட்சிக்காரர்களே.

பார்த்திபன்:
நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அவரை மதிப்பது அவர் லத்தீனோ என்பதற்காக அல்ல, வளைந்து கொடுக்காததற்காக.

தேன்மொழி:
மதிப்புக்கான காரணத்தில் உடன்படுகிறேன், முடிவில் அல்ல. 2005இல், உயில் வழக்குகளைக் கேட்கும் சரோகேட் நீதிமன்றப் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் கட்சித் தலைமையின் ஆதரவின்றியே அதே லோப்பஸ் டோரஸ் வென்றார். மாநாடு தராத இடத்தை புரூக்ளின் வாக்காளர்கள் தந்தார்கள். அப்படியானால் லத்தீனோ நீதிபதிகளின் குறைவுக்குத் தகுதியைக் காரணம் காட்டுபவர்கள், அந்த மாநாட்டு முறை இன்றும் ஏன் தொடர்கிறது என்பதற்கல்லவா முதலில் பதில் சொல்ல வேண்டும்?