நாகலாபுரம் மலை ஓடை: டிசம்பர்ல ஏறலாமா?

ஊத்துக்கோட்டை வழியா நாலு பேர் போறோம். ஓடையைப் பிடிச்சே மேல் மடு வரை ஏறணும். கயிறு எவ்வளவு எடுக்க?

பதில்: முதல்ல ஆந்திர வனத்துறை அனுமதி, அது இல்லாம உள்ள நுழையாதீங்க. பருவமழை ஓயட்டும், ஜனவரி நல்லது. மலைமேல பெய்ஞ்சா, கீழ வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். தெளிஞ்ச தண்ணி கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தா, பையைக்கூட எடுக்காம பக்கவாட்டுல மேடேறிடுங்க. ஓடையோட ஓடித் தப்பிக்க முடியாது.

பதில்: 20 மீட்டர், 10 மி.மீ. பாலிப்ராப்பிலீன் கயிறு போதும், மிதக்கும். நைலான் முங்கி பாறையிடுக்குல சிக்கும். இடுப்புல முடிச்சு போட்டுக் கட்டவே கூடாது. ஓட்டம் இழுத்தா கயிறே ஆளை அமுக்கிடும். நீச்சல் தெரிஞ்சாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்க.

பதில்: மடுவுல தலைகுப்புறக் குதிக்காதீங்க தம்பி, அடியில பாறை இருக்கும்.