கடமைய பாக்கறதா, குடும்பத்த பாக்கறதா? வழி சொல்லுங்க

குரூப்ல எல்லாருக்கும் வணக்கம். வாணியம்பாடி பக்கம் ஒரு தோல் பதனிடற ஷாப்ல ஒம்பது வருஷமா கணக்கு எழுதறேன், மழை பேஞ்சா போதும், ராத்திரியில கழிவுத்தண்ணிய அப்படியே பாலாத்துக்கு போற கால்வாயில தொறந்து விடறாங்க, ரெண்டு தடவ கண்ணால பாத்துட்டேன். சொன்னா வேலை போயிடும், பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம், அம்மாவுக்கு மருந்து செலவு வேற.

சட்டத்துல குழப்பம் இல்ல, வேலூர் குடிமக்கள் போட்ட கேஸ்ல 1996லயே உச்ச நீதிமன்றம் மாசு பண்றவங்கதான் நஷ்டஈடு குடுக்கணும்னு சொல்லிடுச்சு. குழப்பம் மனசுலதான். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1785ல எழுதினத படிச்சேன், லாபத்துக்காக நேர்மையா இருக்கற கடைக்காரனோட செயல்ல ஒழுக்க மதிப்பு இல்லன்றாரு. அப்போ எங்க வீட்டு போர் தண்ணி கெட்டுடும்னு பயந்து நான் புகார் குடுத்தா அது கடமையா சுயநலமா? இங்கிலாந்து தத்துவவாதி சிட்ஜ்விக் 1874ல எழுதினதுல இன்னும் பயமுறுத்தறாரு, தன் நலமும் பொது நலமும் மோதினா எது பெருசுன்னு அறிவு மட்டும் வச்சு தீர்க்க முடியலன்னு ஒத்துக்கறாரு. நம்ம வள்ளுவர் 656வது குறள்ல பெத்தவ பசிய பாக்கற நிலைமையிலயும் பழிக்கற வேலைய செய்யாதன்னு ஒரே போடா போட்டுட்டாரு, அத படிச்சதுலருந்து ராத்திரி தூக்கமே இல்லீங்க.

நான் தொறந்து விடல, கணக்குதான் எழுதறேன், ஆனா சும்மா இருக்கறதும் செய்யற மாதிரிதானா? தத்துவம் படிச்சவங்க சொல்லுங்க. இந்த மாதிரி சிக்கல்ல மாட்டி முடிவெடுத்தவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, பேர் வெளிய தெரியாம புகார் குடுக்க வழி இருந்தாலும் சொல்லுங்க, அடுத்த மழைக்குள்ள நான் முடிவு பண்ணணும்.